பழைய தொட்டியிலிருந்து புதுத் தொட்டிக்கு: தண்ணீரா, கல்லா, பஞ்சா?

அக்கா மகள் போன் செய்தது ஒரு வியாழக்கிழமை இரவு. இரண்டடித் தொட்டி வாங்கியாயிற்று, அடுத்த வாரம் ஞாயிறு அவள் பையனுக்குப் பிறந்தநாள், அன்றைக்குள் உள்ளே மீன் ஓட வேண்டும்.

"மாமா, உங்க தொட்டித் தண்ணி ரெண்டு குடம் ஊத்தினா போதும், உடனே மீன் விடலாம்னு கடையில சொன்னாங்க. சனிக்கிழமை வந்து எடுத்துக்கவா?"

தண்ணீர் தருவதில் எனக்கென்ன போயிற்று? வாரா வாரம் இரண்டு வாளி எடுத்துச் செடிக்குத்தான் ஊற்றுகிறேன். ஆனால் கேட்க வேண்டியது அதை அல்ல. என் மூன்றடித் தொட்டி ஆறு வருஷமாக ஓடுகிறது. அதிலிருந்து புதுத் தொட்டிக்கு எடுத்துப்போகக்கூடியவை நாலைந்து உண்டு. ஒவ்வொன்றுக்கும் பலன் வேறு, வேகம் வேறு, கூடவே வந்து சேரும் வில்லங்கமும் வேறு.

விஷயம் இவ்வளவுதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது அவ்வளவு பொல்லாதது இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். சாதாரணக் குடல் பாக்டீரியா வசதியான இடத்தில் 20 நிமிஷத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க அரை நாள், சமயத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஒன்றுமே இல்லாத தொட்டியில் இந்தக் கூட்டம் தானாகச் சேர 4 முதல் 6 வாரம் பிடிப்பது அதனால்தான். அக்கா மகளிடம் இருந்தது 10 நாள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பாக்டீரியா நீந்தித் திரிகிற ரகம் இல்லை, எதையாவது பிடித்து ஒட்டிக்கொண்டு வாழ்வது. ஃபில்டர் பஞ்சின் துளை, ஃபில்டருக்குள் போடுகிற செராமிக் ரிங், கல்லின் முதுகு, கண்ணாடியில் கை வைத்தால் வழுக்குமே அந்தப் படலம், இதெல்லாம்தான் அதன் வீடு. ஆக்சிஜனோடு தண்ணீர் ஓடுகிற இடத்தில் அடர்த்தியாக இருக்கும். அப்படிப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் இந்தப் பட்டியலில் கடைசி. இரண்டு குடம் பழைய தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் பழைய நைட்ரேட்தான். பிஎச், உப்புத்தன்மை ஒத்துப்போவதால் மீன் இடம் மாறும்போது அதிர்ச்சி குறையும், அந்த ஒரு உபயோகத்தை மறுக்க மாட்டேன். மற்றபடி பஸ்ஸில் குடம் தூக்கி வருவது வீண் வேலை.

கல் அதைவிடத் தேவலாம். எவ்வளவு தேவலாம் என்பது உங்கள் தொட்டியைப் பொறுத்தது. பழைய பாணியில் அண்டர் கிராவல் ஃபில்டர் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தொட்டியில் தண்ணீர் கல்லுக்குள் புகுந்துதான் வெளியே வரும், கல்லேதான் ஃபில்டர். அங்கே இரண்டு கைப்பிடி கல் எடுத்தால் நல்ல சரக்கு. சும்மா அழகுக்குக் கல் பரப்பிய தொட்டி என்றால் மேலே ஒரு விரற்கடை ஆழம்வரைதான் ஆள் இருக்கும். அடியில் மக்கிய அழுக்கு. அதைக் கிளறினால் உங்கள் தொட்டியிலேயே அம்மோனியா ஏறும். எடுப்பதானால் மேல்கல்லை மட்டும் அள்ளி, பழைய காலுறை ஒன்றில் கட்டி, புது ஃபில்டரின் நீரோட்டம் படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். வாரம் கழித்து எடுத்துவிடலாம்.

செடி தனிக் கணக்கு. அது பாக்டீரியாவையும் ஒட்டிக்கொண்டு வரும், அம்மோனியாவைத் தானே சாப்பிடவும் செய்யும். மேலே மிதந்து வேகமாகப் படர்கிற ரகம் எதுவானாலும் சரி, ஒரு கை அள்ளிப் போட்டால் மற்ற வழிகளில் நேர்கிற பிழையைக் கொஞ்சம் தாங்கும். பின்பக்கம் மணி பிளான்ட் கொடி ஒன்றை வேர் மட்டும் நனைகிற மாதிரி செருகுவதும் அப்படித்தான். தனியாக இதை நம்பிப் பத்து மீன் விட மாட்டேன், துணைக்கு வைத்துக்கொள்வேன்.

இனி பஞ்சு. போட்டி உண்மையில் இங்கேதான், அதிலும் மூன்று விதம்.

முதல் விதம், பிழிந்து ஊற்றுவது. பழைய தொட்டித் தண்ணீரைச் சின்ன வாளியில் எடுத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் முக்கி இரண்டு மூன்று முறை அழுத்தினால் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி இறங்கும். மழைக்கால மண் வாசனை வரும். முட்டை நாற்றம் வந்தால் அந்தப் பஞ்சில் காற்று புகவில்லை என்று அர்த்தம், அதை எடுக்காதீர்கள். இந்த டிகாக்‌ஷனைப் புது ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேலேயே ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் தொட்டி கலங்கித் தெரியும், பிறகு புதுப் பஞ்சு இழுத்துக்கொள்ளும். பழைய தொட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எப்படியும் பஞ்சைக் கழுவுகிற நாள்தானே. ஆனால் வந்த பாக்டீரியா புது இடத்தில் ஒட்டிப் பெருக வேண்டும். என் அனுபவத்தில் 4 முதல் 6 வாரம் என்பது 2 வாரம் அளவுக்குக் குறைகிறது, அன்றைக்கே மீன் விடுகிற அளவுக்கு இல்லை.

இரண்டாவது விதம், பஞ்சையே கழற்றிக் கொடுப்பது. இதுதான் இருப்பதில் வேகம். பாக்டீரியா வீட்டோடு குடிபெயர்கிறது, ஒட்டிக்கொள்ள இடம் தேட வேண்டியதில்லை, சரியாகச் செய்தால் அன்றைக்கே மீன் விடலாம். பெரும்பாலோர் தவறுவது அளவில். பழைய தொட்டியில் பாக்டீரியா அங்கே விழுகிற அம்மோனியாவுக்குத் தக்கபடிதான் இருக்கும், சேமித்து வைத்த கூட்டம் என்று ஒன்று கிடையாது. முப்பது பேர் சாப்பிடுகிற மெஸ்ஸில் மூன்று பேர் சமையல் என்றால், ஒருவரைப் புதுக் கிளைக்கு அனுப்பினால் அங்கே பத்துப் பேருக்குத்தான் சோறு வரும், இங்கே இருபது பேருக்குத்தான் ஆள் இருக்கும். அதனால் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு எடுத்தால், பழைய தொட்டியின் மீனில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் புதுத் தொட்டி தாங்கும். எடுத்த பக்கத்தில் நாலைந்து நாள் தீனியைப் பாதியாக்க வேண்டும். ஒரே ஃபில்டர் வைத்திருப்பவர் அதை முழுசாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "புதுத் தொட்டி நல்லா இருக்கு, பழைய தொட்டியில ஏன் மீன் செத்துச்சு" என்று கேட்பதும் நடக்கிறது.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது, நான் அதிகம் விரும்புவது அதைத்தான். பஞ்சோடு மீனையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு பஞ்சு, மூன்றில் ஒரு பங்கு மீன். சாப்பிடுகிறவரும் சமைக்கிறவரும் ஒன்றாக இடம் மாறுவதால் இரண்டு பக்கமும் கணக்கு நேராகிவிடும். நோய்ப் பயமும் பெரிதாக இல்லை, ஏற்கெனவே ஒரே தண்ணீரில் இருந்தவைதானே.

மூன்றாவது விதம், புது ஃபில்டரைப் பழைய தொட்டியில் ஓடவிட்டுப் பழக்குவது. 4 வாரம் அங்கேயே பழையதோடு சேர்ந்து குமிழி விடட்டும், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். தாராளமாக நேரம் இருப்பவர்களுக்கு இதுவே உத்தமம்: பழைய ஃபில்டரைத் தொட வேண்டியதில்லை, புதுத் தொட்டியில் பழைய அழுக்குப் பஞ்சும் தெரியாது. ஆனால் இங்கேயும் அதே கணக்குதான். இரண்டு ஃபில்டர் போட்டால் பாக்டீரியா இரண்டு மடங்காகாது. அம்மோனியா அதே அளவுதான் விழுகிறது, இருக்கிற கூட்டம் இரண்டு வீட்டில் பிரிந்து குடியேறுகிறது, அவ்வளவே. பழையதில் வசதியாக வேர்விட்டிருப்பதால் புதியதற்குப் பெரும்பாலும் சின்னப் பங்குதான் வரும். நாலு வாரம் ஓடியதாயிற்றே என்று நம்பி முதல் நாளே பதினைந்து மீன் விட்டால் நைட்ரைட் ஏறும். நாலைந்து மீனில் தொடங்கி, வாரம் ஒன்றுக்கு இரண்டு மூன்று சேர்த்தால் பிரச்சினை இல்லை. என் தொட்டியில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடுவது இதற்காகத்தான். ஏதாவது மீனுக்கு உடம்பு சரியில்லை, தனியாக வைக்க வேண்டும் என்றால் பக்கெட்டும் அந்தப் பஞ்சும் போதும். கரண்ட் போனாலும் ஸ்பாஞ்ச் திறந்தே இருப்பதால் மூடிய டப்பாவுக்குள் ஓடுகிற கேனிஸ்டர் ஃபில்டர் மாதிரி உள்ளே பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டாது. நம் ஊருக்கு அது பெரிய விஷயம்.

எந்த விதமானாலும் பஞ்சைக் காயவிடக் கூடாது, குழாய்த் தண்ணீரைக் காட்டக் கூடாது. மெட்ரோ வாட்டரில் குளோரின் போடுவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான், நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே பாதி காற்று இருக்கிற மாதிரி மூடி, வெயில் படாமல் கொண்டுபோனால் ஓரிரு மணி நேரப் பயணத்தைத் தாங்கும். புதுத் தொட்டியில் ஆன்டி-குளோரின் முதலில், பஞ்சு அப்புறம்.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய தொட்டி நம்முடையது என்ற கணக்கில். அடுத்தவர் தொட்டி, கடைத் தொட்டி என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. பஞ்சில் நல்ல பாக்டீரியா மட்டுமா குடியிருக்கும்? வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமியின் கூடு, நத்தை முட்டை, ஹைட்ரா என்கிற குட்டி நீர்ப்பூச்சி எல்லாம் அதே துளைகளில்தான். பல வருஷம் முன்பு ஒரு நண்பர் வீட்டிலிருந்து பஞ்சு வாங்கி வந்தேன். அம்மோனியா ஒரு நாளும் ஏறவில்லை, ஆறாம் நாள் மோலி மீனின் வாலில் ரவை தூவினாற்போல் புள்ளி. அவர் தொட்டி மீன்கள் பழகிப்போய்ச் சும்மா இருந்தன, என்னுடையவை விழுந்துவிட்டன. பார்க்காமல் வாங்கியது என் தப்பு. அன்றிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல்: அந்தத் தொட்டி மீனைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேராக என் தொட்டியில் விடுவேனா? மாட்டேன் என்றால் பஞ்சும் வேண்டாம்.

கடையில் கேட்பதானால் இன்னும் கவனம். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் வரிசையாகத் தொட்டி வைத்திருக்கும் கடைகளில் தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது மருந்து. மெத்திலீன் புளூ போட்ட தொட்டியின் பஞ்சில் நமக்கு வேண்டிய பாக்டீரியாவே அடிபட்டிருக்கும். பல தொட்டிக்கு ஒரே ஃபில்டர் என்றால் எல்லா மீனின் நோயும் ஒரே பஞ்சில்.

வேறு வழியே இல்லாமல் அப்படிப்பட்ட பஞ்சைத்தான் எடுக்க வேண்டுமென்றால் ஒரு தந்திரம் உண்டு. வெள்ளைப்புள்ளிக் கிருமி கூட்டிலிருந்து வெளிவந்ததும் ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். நம் ஊர்ச் சூட்டில் அதன் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பாக்டீரியாவுக்கோ மீன் வேண்டியதில்லை, அம்மோனியா போதும். புதுத் தொட்டியில் மீன் இல்லாமல் 2 வாரம் பஞ்சை ஓடவிட்டு, அம்மோனியா மட்டும் ஊட்டி வந்தால் கிருமி பட்டினியில் போகும், பாக்டீரியா நிற்கும். எல்லா நோய்க்கும் இது செல்லாது, மீன் காசநோய்க் கிருமி மாதிரியானவை மீனில்லாமலும் கிடக்கும்.

பழைய தொட்டியே கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கடையில் பாட்டிலில் விற்கிற பாக்டீரியா. பல வருஷம் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே எல்லோரும் நம்பினார்கள். 1998-இல் அமெரிக்காவில் டிமோதி ஹோவனெக் குழு நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. 2015-இல் இன்னொரு ஆச்சரியம், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாக முடித்துவிடுகிற நைட்ரோஸ்பைராவே இருக்கிறது என்று. ஆக எந்த ஆளைப் பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். இவை விதைபோல் உறங்கிக் கிடக்கும் ரகமும் இல்லை. பொடியாக விற்பது பெரும்பாலும் பேசில்லஸ் என்கிற வேறு பாக்டீரியா, அது அழுக்கைத் தின்னும், நைட்ரைட்டுக்கு உதவாது. நல்ல திரவப் பாட்டில் வேலை செய்யத்தான் செய்கிறது, ஆனால் மே மாதம் கூரியர் வண்டியில் வெந்து வந்ததா, குளிரில் இருந்ததா என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மற்றது அம்மோனியா ஊட்டிப் பொறுமையாகக் காத்திருப்பது. துணியில் கட்டிய இறால் போட்டும் செய்வார்கள், வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொண்டால் சரி. அளவாகச் செய்ய அம்மோனியம் குளோரைடு, நம் நவச்சாரம்தான். நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் வேறென்ன கலந்திருக்குமோ என்று லேப் கெமிக்கல் கடையில்தான் நான் வாங்குகிறேன். 50 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 0.3 கிராம் போட்டால் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். பழைய பஞ்சு போட்டவர்களும், மீன் உடனே விடவில்லை என்றால், இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

அக்கா மகள் நடுவில் கேட்ட இன்னொன்று: "கேன் வாட்டர் ஊத்தட்டுமா மாமா, சுத்தமா இருக்கும்ல?" சுத்தம்தான் அங்கே பிரச்சினை. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு மில்லிகிராமை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது பிஎச் இறங்காமல் தாங்கிப் பிடிக்கிற சரக்கு, செலவாகும். ஆர்ஓ தண்ணீரில் அது அநேகமாக இருக்காது. பிஎச் சரசரவென்று இறங்கும், 6-க்குக் கீழே பாக்டீரியா கிட்டத்தட்ட வேலைநிறுத்தம். எவ்வளவு நல்ல பஞ்சு கொடுத்தாலும் அதில் நின்றுபோகும். போர் தண்ணீர் கடினமாக இருந்தாலும் கப்பிக்கும் மோலிக்கும் அதுவே பிடிக்கும், பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: பிஎச் 7-இலிருந்து 8-க்குப் போனால் அதே அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். போர் தண்ணீர்க்காரர்கள் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவைக் காட்டுகிற லேசான பச்சையைப் பார்த்தாலும் அலட்சியம் செய்யக் கூடாது.

அவளுக்கு 10 நாள், நம்பிக்கையான தொட்டி என்னுடையது, ஆசைப்பட்டது சின்ன மீன். பிழிந்து ஊற்றினால் நாள் போதாது, புது ஃபில்டரைப் பழக்க நேரமில்லை. ஆகவே இரண்டாவது விதம், மீனோடு. என் தொட்டியில் 24 கப்பியும் மோலியும், மூன்று ஸ்பாஞ்ச். சனிக்கிழமை ஒரு ஸ்பாஞ்சும் 8 கப்பியும் டப்பாவில் ஏறின. கோல்டு ஃபிஷ் இரண்டு வேண்டும் என்று பேரன் அழுதான். அது சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் போடுகிற கழிவுக்கும் 50 லிட்டர் எந்த மூலைக்கு என்று சொன்னால் நாலு வயசுக்குப் புரியுமா, ஒரு கப்பிக்கு ஆரஞ்சு வால் என்று காட்டிச் சமாளித்தோம்.

ஞாயிறு அம்மோனியா 0.25 பிபிஎம், நைட்ரைட் பூஜ்யம். திங்கள், செவ்வாய் அப்படியே. புதன்கிழமை டெஸ்ட் கிட் குழாயில் பளிச்சென்ற மஞ்சள், அதாவது அம்மோனியாவும் பூஜ்யம். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போடச் சொல்லியிருப்பேன், உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். தேவைப்படவில்லை. வியாழன் தொட்டி பால் கலந்தாற்போல் வெளிறியது, போன் வந்தது. அது வேறு பாக்டீரியா, புதுத் தொட்டியில் வந்து இரண்டு மூன்று நாளில் தானே போகும், தண்ணீரை மாற்றாதே என்றேன். சனிக்குள் தெளிந்துவிட்டது.

பிறந்தநாளன்று போனால் எல்லாம் நன்றாக இருந்தது. கேக் வெட்டி முடித்து அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஏண்டா, தொட்டிக்குள்ள அந்தப் பழுப்புப் பஞ்சு அசிங்கமா இருக்கே, எடுத்து சோப்புப் போட்டுத் தேய்ச்சு வச்சிரட்டுமா?" கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தாள். அவளுக்கும் தொட்டிக்கும் நடுவே போய் நின்றுகொண்டு, மாசம் ஒரு தடவை, தொட்டித் தண்ணீரிலேயே, இரண்டு அழுத்து, அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.